துடைத்த சென்சாரும் திருத்திய கடிதமும்: ஒரு மேற்படிப்பு விண்ணப்பத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் சிவில் பொறியியல் பட்டம் பெற்ற 24 வயதுப் பெண். படிப்பு முடிந்ததும் இரண்டரை ஆண்டுகள் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இளநிலைப் பொறியாளராக வேலை பார்த்தார். நீர், கழிவுநீர் தொடர்பான முதுநிலைப் படிப்பை வெளிநாட்டில் படிக்க விரும்பி, நெதர்லாந்தில் ஒன்றும் ஜெர்மனியில் நான்குமாக ஐந்து பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார். அவருடைய சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை இருவரும் சேர்ந்து நீக்கிவிட்டோம்.

மாணவர்களின் விண்ணப்பக் கடிதங்களைப் படித்துத் திருத்துவது என் வேலை. வேலைக்கான கவர் லெட்டரும் வரும், மேற்படிப்புக்கான நோக்கக் கடிதமும் வரும். பலர் எஸ்.ஓ.பி. என்று சொல்வது இந்த நோக்கக் கடிதத்தைத்தான். வெற்றி பெற்ற விண்ணப்பங்களைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். இதில் பெரிய தவறு என்னுடையது என்பதால் இதைப் பதிவு செய்கிறேன்.

அவர் என்னிடம் வந்தது ஜனவரி முதல் வாரத்தில். முதல் பல்கலைக்கழகத்தின் கடைசித் தேதிக்கு ஒன்பது நாட்கள்தான் இருந்தன.

முதல் சந்திப்பில் கண்டவை

ஒரு நோக்கக் கடிதம், நான்கு பக்க சுயவிவரம், இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றை அவர் கொண்டுவந்தார்.

நோக்கக் கடிதம் 1,100 சொற்களுக்கு மேல் போனது. ‘சிறு வயது முதலே நீரின் மீது எனக்கு ஈர்ப்பு இருந்தது’ என்று தொடங்கியது. இந்தத் தொடக்கத்தைக் கிண்டல் செய்ய எனக்கு விருப்பமில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர் பிறப்பிலிருந்து தொடங்குவது இயல்பு. ஆனால் ஒரு படிப்புக்கு வரும் நூற்றுக்கணக்கான கடிதங்களைப் படிக்கிறவர்களுக்கு அந்த வாக்கியம் எதையும் சொல்லாது. அடுத்த இரண்டு பத்திகள் உலகின் தண்ணீர்ப் பற்றாக்குறையைப் பேசின. கழிவுநீர்ப் பேராசிரியருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கடைசிப் பத்தியில் பல்கலைக்கழகத்தைப் புகழ்ந்து நான்கு வரிகள் இருந்தன. ஐந்து இடங்களுக்கும் அதே வரிகள்தான், பெயர் மட்டும் மாறியது. ஒரு பிரதியில் அதுவும் மாறவில்லை. நெதர்லாந்துக்குப் போக வேண்டிய கடிதத்தில் ஜெர்மனிப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. நல்லவேளை, அனுப்பியிருக்கவில்லை.

நடையில் இன்னொன்றைக் கவனித்தேன். கடிதம் ஆங்கிலத்தில்தான் இருந்தது, ஆனால் அதன் முதுகு வளைந்திருந்தது. ‘தங்கள் மேலான கவனத்திற்கு’, ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று நாம் பள்ளியில் பழகிய விண்ணப்ப நடை அப்படியே மொழி மாறி உட்கார்ந்திருந்தது. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா என்று வரிசையாக எழுதி, விடுப்புக் கேட்டு மதிப்பெண் வாங்கிய கை அது. சலுகை கேட்பவருக்கு அந்த நடை பொருந்தும். தான் செய்ததையும் செய்யப் போவதையும் சொல்ல வேண்டியவருக்கு அது தடை. அவருடைய வேலை விண்ணப்பங்களிலும் இதே பணிவுதான் இருந்ததைப் பின்னால் பார்த்தேன்.

பரிந்துரைக் கடிதங்கள் இரண்டிலும் நோக்கக் கடிதத்தின் வாக்கியங்கள் எட்டிப்பார்த்தன. விசாரித்தபோது, ‘நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார்கள்’ என்றார். நான் ஆச்சரியப்படவில்லை.

சுயவிவரத்தின் மூன்றாம் பக்கத்தில், பணிகள் என்ற தலைப்பின் கீழ், பதினான்கு வரிகளில் ஒன்பதாவதாக ‘கரைந்த ஆக்சிஜன் சென்சார் பராமரிப்பு’ என்று ஒரு வரி இருந்தது. இந்த நிகழ்வு முழுவதும் அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் நடந்தது. அன்று எனக்கு அது தெரியவில்லை.

முதல் முடிவு: நானே எழுதியது

ஒன்பது நாட்களில் இரண்டு வழிகள் இருந்தன. கேள்வி கேட்டு அவரையே திரும்ப எழுத வைக்கலாம், அல்லது நானே எழுதிக் கொடுக்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். நேரமில்லை என்பது சொல்லிக்கொண்ட காரணம். உண்மையைச் சொன்னால், எனக்கு அது எளிது. திருத்தத் திருத்த வாக்கியங்கள் மெருகேறுவதைப் பார்ப்பதில் ஒரு போதையும் இருக்கிறது.

தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினோம். சென்சார் பராமரிப்பு என்றால் என்ன என்று கேட்டேன். ‘சுத்தம் செய்த பிறகு புளோயர் குறைவாக ஓடியது சார்’ என்றார். தொட்டிக்குள் காற்றைச் செலுத்தும் இயந்திரத்தைத்தான் புளோயர் என்றார். குறிப்பெடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அன்றிரவு அது என் கையில் இப்படி மாறியது: ‘காற்றூட்டல் அமைப்பின் கட்டுப்பாட்டைச் சீரமைத்து, நிலையத்தின் ஆற்றல் செயல்திறனை மேம்படுத்தினேன்.’

வாக்கியம் பொய்யில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். கடிதம் 600 சொற்களில் கச்சிதமாக வந்தது. அவர் படித்துவிட்டு, ‘நான் எழுதியதுபோலவே இல்லை’ என்றார். பாராட்டாக எடுத்துக்கொண்டேன். விண்ணப்பம் கடைசித் தேதிக்கு ஒரு நாள் முன்பு போனது.

நேர்காணல்

பிப்ரவரி இறுதியில் அந்தப் பல்கலைக்கழகம் அவரைக் காணொளி நேர்காணலுக்கு அழைத்தது. இருபது நிமிடம், இரண்டு பேராசிரியர்கள். கடிதம் வேலை செய்துவிட்டது என்று மகிழ்ந்தோம்.

நேர்காணலை அவர் பின்னால் எனக்கு விவரித்தார். இரண்டாவது கேள்வியே அந்த வாக்கியத்தின் மேல் விழுந்தது. எந்தக் கட்டுப்பாட்டு முறையைச் சீரமைத்தீர்கள், முன்னும் பின்னும் மின்பயன்பாட்டை எப்படி அளந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான, ஆர்வத்தோடு கேட்ட கேள்வி. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அதை எங்கள் குழு செய்தது’ என்றிருக்கிறார். அதில் உங்கள் பங்கு என்ன என்பது அடுத்த கேள்வி. சென்சார்களைப் பராமரித்தேன் என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு பேச்சு படிப்பின் பொது விவரங்களுக்கு நகர்ந்து, பதினான்காவது நிமிடத்தில் நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து இரண்டு வரியில் மறுப்பு வந்தது. காரணம் சொல்லவில்லை. அந்த ஒரு பதிலால்தான் இடம் போயிற்று என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்னதை மறக்கவும் முடியாது: ‘அந்த வாக்கியம் உங்களுடையது சார். அதன் பொருள் எனக்குப் புரிகிறது. ஆனால் அதை நான் செய்யவில்லை.’

கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் உறைத்தது.

மறுதொடக்கம்

ஜெர்மனியில் குளிர்காலப் பருவச் சேர்க்கைக்குப் பல இடங்களில் ஜூலை 15 வரை விண்ணப்பிக்கலாம். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆங்கிலவழி முதுநிலைப் படிப்புகளில் பல அதற்கு மாதக்கணக்கில் முன்பே மூடிவிடும். இவருக்கு மீதமிருந்த நான்கு ஜெர்மனிப் பல்கலைக்கழகங்களில் மிக நெருக்கமான தேதிக்கு ஏழு வாரம் இருந்தது. இந்த முறை என் பக்கத்திலிருந்து ஒரு வாக்கியம்கூட வராது என்று முடிவு செய்தோம். ஓரத்தில் கேள்விக்குறி போடுவேன், சொல்லின் கீழ் கோடு போடுவேன், அவ்வளவுதான்.

முதலில் கடிதத்தை மூடி வைத்துவிட்டு, சென்சார் விஷயத்தில் அன்று என்னதான் நடந்தது என்று கேட்டேன். தமிழில் நாற்பது நிமிடம் சொன்னார். சுருக்கம் இது.

கழிவுநீரைச் சுத்தம் செய்வது பெரும்பாலும் நுண்ணுயிரிகள். அவை உயிர்வாழ ஆக்சிஜன் வேண்டும் என்பதற்காகத் தொட்டிக்குள் காற்றூதிகள், அதாவது புளோயர்கள், காற்றைச் செலுத்துகின்றன. நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது வழக்கம். அளவு குறைந்ததாக சென்சார் சொன்னால் புளோயர் வேகமெடுக்கும், கூடியதாகச் சொன்னால் அடங்கும். ஒரு நிலையத்தின் மின்செலவில் பாதி அளவுக்கு இந்தக் காற்றூட்டலே தின்றுவிடும்.

ஓர் இரவுப் பணியில், கழிவுநீர் வரத்து மிகக் குறைவாக இருந்த நேரத்திலும் புளோயர் முழு வேகத்தில் இரைவதை அவர் கவனித்திருக்கிறார். திரையில் ஆக்சிஜன் 0.9 என்று காட்டியது. வரத்து குறைந்தால் நுண்ணுயிரிகளின் தேவையும் குறைய வேண்டும், எண் ஏற வேண்டும். ஏறவில்லை. சென்சாரை வெளியே எடுத்துப் பார்த்தார். அதன் முனையில் வழவழப்பாகக் கசடு படிந்து ஒரு படலமே வளர்ந்திருந்தது. அந்தப் படலத்தில் இருக்கும் உயிரிகளே முனையருகே உள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடுவதால் சென்சார் குறைவாகக் காட்டும், அதை நம்பி இயந்திரம் வீணாகக் காற்றை ஊதும். துணியால் துடைத்துத் திரும்ப இறக்கினார். எண் மெல்ல ஏறி 2.6-ல் நின்றது. புளோயரின் இரைச்சல் இறங்கியது.

அதற்குப் பிறகு, யாரும் சொல்லாமலே, ஒவ்வொரு திங்கட்கிழமையும் துடைப்பதற்கு முன்பு ஓர் எண், துடைத்த பின்பு ஓர் எண் என்று நோட்டில் குறித்துவந்தார். இரண்டு மாதம் கழித்து மேற்பார்வையாளர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, எல்லா ஷிஃப்டுகளுக்கும் அதை நடைமுறையாக்கினார்.

‘எவ்வளவு மின்சாரம் மிச்சமானது?’ என்று கேட்டேன்.

‘தெரியாது சார். யாரும் அளக்கவில்லை. எப்படி அளப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் படிக்கப் போக நினைத்தேன்.’

மூன்று மாதமாக அவருடைய நோக்கத்தைத் தேடி அலங்காரமான வாக்கியங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அது இவ்வளவு எளிதாக, கேட்டால் சொல்லக்கூடிய இடத்திலேயே இருந்திருக்கிறது. நான் ஜனவரியில் கூடுதலாக ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

கடிதம் மறுபடி உருவான விதம்

சொன்னதை முதலில் தமிழில் எழுதச் சொன்னேன். இதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் அவருக்கு உடனே ‘கடித மொழி’ வந்துவிடும். தமிழில் அவர் எழுதியது அந்த இரவின் கதையாகவே இருந்தது. பிறகு அதை அவரே ஆங்கிலத்தில் எழுதினார். சின்னச் சின்ன வாக்கியங்களாக வந்தன. பணிவுச் சொற்கள் தாமாகவே கழன்றுவிட்டன, நான் ஒன்றையும் நீக்க வேண்டியிருக்கவில்லை.

மொத்தம் ஐந்து வரைவுகள். முதல் வரைவின் ஓரத்தில் 31 கேள்விக்குறிகள் போட்டேன். பெரும்பாலானவை ‘யார் செய்தது?’, ‘எத்தனை முறை?’, ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்ற வகை. கடைசி வரைவில் நான்கு. நடுவில் ஒருமுறை பொறுமையிழந்து, ‘நீங்களே இந்த வாக்கியத்தைச் சரிசெய்து கொடுத்துவிடக் கூடாதா சார்?’ என்று கேட்டார். கை அரித்தது. கொடுக்கவில்லை.

‘எவ்வளவு மிச்சமானது என்று அளக்கப்படவில்லை’ என்ற வாக்கியம் கடிதத்தில் இருக்கலாமா என்பதில் எங்களுக்குள் வாதம் நடந்தது. பலவீனத்தைக் காட்டிவிடும் என்று அவர் பயந்தார். அதை எடுத்துவிட்டால் படிக்க வருவதற்கான காரணமும் கூடவே போய்விடும் என்றேன். வைத்துக்கொண்டார்.

பல்கலைக்கழகத்தைப் பற்றிய பத்திக்கு ஒரு சோதனை வைத்துக்கொண்டோம். பெயரை எடுத்துவிட்டு வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டாலும் பத்தி உண்மையாகவே இருந்தால், அது தேவையில்லை. இந்தச் சோதனையில் புகழுரைகள் அனைத்தும் விழுந்தன. மிஞ்சியவை பாடத்திட்டத்தில் உள்ள குறிப்பிட்ட பாடங்கள், அங்கே இருக்கும் முன்னோடிச் சோதனை நிலையம், இவருக்கு அதில் எது தேவை என்பவை. ஒரு பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு தேடியும் அப்படி இரண்டு வரி தேறவில்லை. அங்கே ஏன் விண்ணப்பிக்கிறோம் என்று அப்போதுதான் யோசித்தார்.

இந்தச் சமயத்தில் எனக்கு உதவியது வேறொரு நாட்டின் இளநிலை விண்ணப்பம். இங்கிலாந்தில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பெறும் பொது அமைப்பான யூகாஸ் வழியாக இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் 4,000 எழுத்துகளுக்குள் ஒரே கட்டுரையாக எழுதிவந்தார்கள். 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறீர்கள், இதுவரை படித்தது உங்களை இதற்கு எப்படித் தயார்படுத்தியது, கல்விக்கு வெளியே வேறென்ன செய்திருக்கிறீர்கள். இவருக்கும் அந்த விண்ணப்பத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் மூன்று கேள்விகளுக்கும் வாயால் பதில் சொல்ல வைத்தேன். எங்கே பதில் நீண்டுகொண்டே போனதோ அங்கே சரக்கு குறைவு என்று தெரிந்தது.

மதிப்பெண், கிரெடிட், பரிந்துரை

கடிதத்தில் காட்டிய அக்கறையைக் காகிதங்களில் காட்டாமல் இருந்திருக்கிறோம். ஜெர்மனியில் 1 என்பது மிகச் சிறந்த மதிப்பெண், 4 தேர்ச்சி எல்லை. வெளிநாட்டு மதிப்பெண்ணை இந்த அளவுக்கு மாற்ற, ‘திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம்’ என்ற கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். இவருடைய சராசரி 10-க்கு 7.1, தேர்ச்சிக்கு 4. அதிகபட்சத்திலிருந்து பெற்றதைக் கழித்தால் 2.9, அதிகபட்சத்திலிருந்து தேர்ச்சியைக் கழித்தால் 6. முன்னதைப் பின்னதால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டினால் 2.45 வருகிறது. அவருடைய பட்டியலில் ஒன்று 2.0 அல்லது அதைவிடச் சிறந்த மதிப்பெண் கேட்டது. எவ்வளவு நல்ல கடிதமும் அந்தக் கதவைத் திறந்திருக்காது. ஐந்து நிமிடக் கணக்கை மார்ச்சில்தான் போட்டோம். அதை நீக்கி வேறொன்றைச் சேர்த்தார். மேலே சொன்ன, இரண்டு வரி தேறாத பல்கலைக்கழகம் இதுவேதான்.

ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஓர் ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. தன் பாடங்களை அந்தக் கணக்கில் வரிசைப்படுத்தியபோது, வேதியியலில் முதலாண்டுத் தாள் ஒன்றுதான் இருப்பதும் நுண்ணுயிரியலில் எதுவுமே இல்லாததும் தெரிந்தது. கடிதத்தில் அதை ஒரு வாக்கியமாக ஒப்புக்கொண்டு, இடைப்பட்ட மாதங்களில் என்ன படிக்கிறார் என்பதையும் சேர்த்தார்.

ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அவருடையது ஏப்ரலில் காலாவதி ஆக இருந்தது. திரும்ப எழுதினார்.

பரிந்துரைக் கடிதத்துக்கு, கையெழுத்து மட்டும் போடத் தயாராக இருந்த ஒருவரை விட்டுவிட்டு, நிலையத்தின் மேற்பார்வையாளரை அணுகினார். அவர் ஆங்கிலத்தில் எழுதத் தயங்கியிருக்கிறார். ‘நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள் ஐயா, போதும்’ என்று கேட்டுக்கொண்டாராம். பன்னிரண்டு வரிகளில் ஒரு கடிதம் வந்தது. இலக்கணப் பிழை இரண்டு. நோட்டுப் புத்தகத்தைப் பற்றி மூன்று வரி. பிழைகளைத் திருத்தட்டுமா என்று என்னிடம் கேட்டார். இன்னொருவர் கையெழுத்திட்ட கடிதத்தில் நாம் கை வைக்கக் கூடாது என்றேன். இதை எனக்கே சொல்லிக்கொண்டேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

விளைவு

நான்கு விண்ணப்பங்களில் இரண்டு மறுக்கப்பட்டன. ஒன்று காத்திருப்புப் பட்டியலோடு நின்றது. ஒன்றில் இடம் கிடைத்தது, நிபந்தனையுடன்: முதலாண்டுக்குள் நுண்ணுயிரியலும் நீர் வேதியியலும் கூடுதலாகப் படித்துத் தேற வேண்டும். ஜெர்மனியில் இதை ஆஃப்லாகன் என்கிறார்கள்.

நிபந்தனை விழுந்தது அவர் தானே ஒப்புக்கொண்ட இடத்தில். ஒப்புக்கொண்டதால் நிபந்தனை வந்ததா, ஒப்புக்கொண்டதால்தான் மறுக்காமல் நிபந்தனையோடு விட்டார்களா? தெரியாது. பாடப் பட்டியலைப் பார்த்தாலே அந்தக் குறை தெரியும் என்பதால் கடிதத்தால் எதுவும் மாறாமலும் இருந்திருக்கலாம். ஆனால் இடம் கொடுத்த பல்கலைக்கழகமும் சிறியதாக ஒரு நேர்காணல் வைத்தது. சென்சாரைப் பற்றிக் கேட்டார்கள். ‘அன்று என்னால் நிறுத்தவே முடியவில்லை, அவர்கள்தான் நிறுத்தினார்கள்’ என்றார்.

போய்ச் சேர்ந்த பிறகு: வேலைக் கடிதங்கள்

அக்டோபரில் படிப்புத் தொடங்கியது. டிசம்பரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பகுதிநேர வேலைக்குப் பதினோரு இடங்களில் விண்ணப்பித்தும் ஒரு பதிலும் இல்லை, பார்த்துச் சொல்லுங்கள் என்று.

பார்த்தேன். அந்த வெற்றி பெற்ற நோக்கக் கடிதமே கொஞ்சம் சுருங்கி, கவர் லெட்டராக வேடம் போட்டிருந்தது. இரவுப் பணி, புளோயர், அளக்கத் தெரியாத மின்சாரம் எல்லாம் அப்படியே. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தவறான ஆளிடம் போயிருந்தது. படிப்புக்கு எழுதும் கடிதத்தில் எனக்கு என்ன தெரியவில்லை, ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லலாம். சொல்லவும் வேண்டும். வேலை கொடுப்பவர் தன் மேசையில் குவிந்திருக்கும் வேலையை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு என் கற்கும் ஆர்வம் ஒரு செலவு.

இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. பதினோரு கடிதங்களிலும் ‘எந்த நேரமும் முழுநேரமும் வேலை செய்யத் தயார்’ என்று எழுதியிருந்தார். பழைய பணிவு வேறு உருவத்தில் திரும்பி வந்திருந்தது. மாணவர் அனுமதியில் இருப்பவர் அப்படி வேலை செய்ய முடியாது. 2024 மார்ச் முதல் ஜெர்மனியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கான எல்லை ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள். ஆஸ்திரேலியாவில் படிப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்று நாட்டுக்கு நாடு மாறும். முழுநேரமும் தயார் என்று ஒரு மாணவர் எழுதினால், சட்டம் தெரியாதவர் அல்லது சட்டத்தை மீறத் துணிந்தவர் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

வடிவத்தில் அவர் அங்கேயே சிலவற்றைக் கற்றிருந்தார். ஒரு பக்கத்துக்குள் முடிக்க வேண்டும். அங்குள்ள அலுவலகக் கடிதங்களுக்கான டின் 5008 விதிப்படி, கடிதம் எதைப் பற்றியது என்ற வரி இருக்கும், ஆனால் அதற்கு முன்னால் ‘பொருள்’ என்ற சொல் இருக்காது. பள்ளியிலிருந்து கையோடு வந்த அந்தச் சொல் ஒருவழியாக உதிர்ந்தது. புகைப்படம் ஒட்டுவது அங்கே நெடுநாள் வழக்கம். பாகுபாட்டுக்கு எதிரான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஒட்டுவதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டேன்.

பன்னிரண்டாவது விண்ணப்பம் ஓர் ஆய்வு நிலையத்தில் மாணவ உதவியாளர் வேலைக்கு. அறிவிப்பு ஐந்தே வரி: வாரம் இருமுறை மாதிரி எடுக்க வேண்டும், அளவீட்டுக் கருவிகளைச் சுத்தம் செய்ய வேண்டும், எண்களை அட்டவணையில் ஏற்ற வேண்டும், வாரத்துக்கு எட்டு மணி நேரம், அடுத்த மாதம் முதல். அந்த ஐந்து வரிக்கும் வரிசையாக விடை சொல்லுங்கள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்றேன். அரைப் பக்கத்தில் கடிதம் முடிந்தது. என் கேள்விக்குறிகள் இரண்டுதான். ஒன்று, ‘எந்தெந்த நாட்கள்?’ அதற்கு விடையாக, ‘செவ்வாயும் வியாழனும் முற்பகலில் எனக்கு வகுப்பு இல்லை’ என்று ஒரு வாக்கியம் சேர்த்தார்.

வேலை கிடைத்தது. நேர்காணலில் சென்சார் கதையைக் கேட்பார்கள் என்று தயாராகப் போயிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு வர முடியுமா என்றுதான் கேட்டார்களாம்.

இப்போது மாற்றிச் செய்பவை

முதல் அமர்வில் கடிதத்தைக் கையில் வாங்குவதை நிறுத்திவிட்டேன். ஏதாவது ஒரு நாளில் நீங்கள் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். சிலர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள், சிலருக்கு இரண்டு அமர்வு ஆகிறது. சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்பவரின் சுயவிவரத்தில் ஒன்பதாவது வரியைப் போன்ற ஒன்று எங்கோ இருக்கிறது என்ற நம்பிக்கையில் தேடுகிறேன். கிடைக்காமல் போனதும் உண்டு.

மதிப்பெண் மாற்றம், கிரெடிட் வரிசை, தேர்வுகளின் காலாவதி மூன்றையும் முதல் நாளே பார்த்துவிடுகிறோம். இதில் சொல்ல வேறொன்றுமில்லை, முன்பே செய்திருக்க வேண்டும்.

கடிதத்தை அனுப்பும் முன், ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் விரலை வைத்து ‘இது எப்படி?’ என்று கேட்கிறேன். ஒரு நிமிடம் பேச முடியாத வாக்கியம் கடிதத்திலிருந்து வெளியே போகிறது. இப்போது கணினி எழுதித் தந்த கடிதங்களோடு வருபவர்கள் அதிகம். அந்தக் கடிதங்களைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை. ஜனவரியில் நான் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கும் அவற்றுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. அதே விரல் சோதனைதான் அவற்றுக்கும். பெரும்பாலும் மூன்றாவது வாக்கியத்தில் பேச்சு நின்றுவிடுகிறது.

படிப்புக்குப் போகிறவர்களிடம் புறப்படும் முன்பே ஒரு வேலைக் கடிதமும் எழுத வைக்கிறேன், ஏதாவது ஓர் உண்மையான அறிவிப்புக்கு. இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எது யாருக்கு என்பது அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது. போகும் நாட்டில் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பதை அந்த நாட்டின் அரசுத் தளத்தில் அவர்களே பார்த்துவர வேண்டும். அந்த விதிகள் அடிக்கடி மாறுவதால் நான் சொல்வதில்லை.

கடைசித் தேதிக்கு மூன்று நாட்கள் இருக்கும்போது வருபவரை என்ன செய்வது என்பதற்கு மட்டும் என்னிடம் இன்னும் சரியான விடை இல்லை. சென்ற மாதம் ஒருவர் அப்படி வந்தார். அவருடைய கடிதத்தில் நான்கு வாக்கியங்களை நானே எழுதினேன். கடிதத்தை மூடிவைத்துவிட்டு, அந்த நான்கையும் அவருடைய சொற்களில் எனக்குச் சொல்லச் சொன்னேன். மூன்றைச் சொன்னார். நான்காவதை அடித்துவிட்டு அனுப்பினோம்.